அறுநூற்று எழுபத்தைந்துக்கு முப்பது குறைவு

1

அன்புள்ள மதுரா, கவின்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஜேர்மன் மொழியில் எனக்கு எழுத வருவது இரண்டே இரண்டு விடயங்கள். ஒன்று, லீவு கேட்கும் படிவம். மற்றது, வைத்தியசாலைச் சமையலறையில் தொங்கும் கொப்பியில் ‘இரண்டாம் நம்பர் குளிரறை வேலை செய்யவில்லை’ என்று எழுதும் ஒரு வரி. நான் சொல்ல வந்ததற்கு அந்த இரண்டும் போதாது.

கவின், நீ இதை எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு கிழமை எடுக்கும் என்று தெரியும். அக்கா லீவில் வரும்போது பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேள். ஊரில் நண்பர் ஒருவர் நடத்தும் சஞ்சிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதித் தா என்று அவர் மூன்று வருடமாகக் கேட்கிறார். பனி, ரயில், கோயில் திருவிழா என்று நானும் தொடங்கித் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். எழுத வேண்டியது இதுதான் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது.

போன ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதுரா ஸ்பெயினிலிருந்து வீடியோவில் வந்தாள். கவின், நீ உன் கணிதச் சோதனைத் தாளை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாய்:

“கொஞ்சத்தால தவறிப்போட்டுது. என்ன செய்யிறது, பரம்பரை. அப்பாவும் ரெண்டு புள்ளியாலதானே கம்பஸ் போகேல்ல.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். மதுரா சிரிக்கவில்லை. திரையில் என்னையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு, “அம்மா, எனக்குப் புளி முடிஞ்சுது, ஆரும் வந்தாக் குடுத்து விடுங்கோ” என்று கதையை மாற்றினாள்.

ஒரு வருடமாக அவள் எனக்காக ஒரு விசயத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறாள். தம்பிக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அப்பன் சொன்ன பொய்க்கு மகள் காவல் இருப்பது சரியில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

2

மதுரா, நீ வணிக முகாமைத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது உனக்கு வேலை கிடைத்து மூன்று வருடம். காப்புறுதிக் கந்தோரில் நல்ல வேலை, வீட்டிலிருந்து ட்ராமில் இருபது நிமிடம். சம்பளத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த இருபது நிமிடம்தான்.

நீ ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டின் வாயாக இருந்தவள். வெளிநாட்டவர் அலுவலகத்தில், கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்துகொண்டு அதிகாரி கேட்பதை எனக்குச் சொல்லுவாய், நான் சொல்வதை அவருக்குச் சொல்லுவாய். “உங்கட நாட்டில என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறார்” என்றாய். “தோட்டம் செய்தனான் எண்டு சொல்லு” என்றேன். மிளகாயும் வெங்காயமும் போட்ட மூன்று ஏக்கரை நினைத்து நான் சொன்னேன். நீ பூந்தோட்டம் என்று நினைத்துச் சொன்னாய். பதினொரு வருடம் என் கோப்பில் நான் பூமரங்களுக்குத் தண்ணீர் விடுகிறவனாகவே இருந்தேன். வேலை தேடித் தரும் கந்தோர்க்காரர் இரண்டு தரம் என்னை மயானத்துப் பூச்செடி பார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். எப்படி இவ்வளவு சரியாக எனக்கென்று தேடி எடுக்கிறார்கள் என்று நானும் யோசித்ததுண்டு.

அந்த ஞாயிறு காலை ஞாபகம் இருக்கிறதா? குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்து மூன்று வணிகப் பள்ளிகளின் பெயரை எழுதி, பக்கத்தில் எண்களைப் போட்டிருந்தாய். ஸ்பெயினில் இருந்ததுதான் உனக்கு விருப்பம். அதற்கு நேரே 675 என்று இருந்தது.

“இது என்ன?”

“போன வருசம் அங்க சேந்த ஆக்களின்ர சராசரி அப்பா. நுழைவுச் சோதனையில எடுத்த புள்ளி.”

“அப்ப வெட்டுப்புள்ளி அறுநூற்று எழுபத்தஞ்சு.”

“வெட்டுப்புள்ளி எண்டா?”

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளக்கினேன். இலங்கையில் மாவட்டத்துக்கு ஒரு எண் இருக்கும். அதற்கு மேலே எடுத்தவன் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்துக்குள்ளே, கீழே எடுத்தவன் வெளியே. அரைப் புள்ளி என்றாலும் அப்படித்தான். கிளிநொச்சி மாவட்டத்துக்கு எண் கொஞ்சம் இறக்கம், கொழும்புக்கு ஏற்றம்.

“இது அப்பிடி இல்லை அப்பா. இதுக்குக் கீழ எடுத்த ஆக்களும் போவினம். வேலை அனுபவம், கட்டுரை, நேர்முகம் எல்லாம் சேத்துத்தான் பாப்பினம்.”

“ஓம், ஓம்” என்றேன். காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை. “எங்களுக்கு மாவட்ட அடிப்படை மாதிரி ஒண்டும் இல்லையோ அங்க?”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “ஸ்பெயின்காரர் உங்கட ஊர் கண்டாவளைக்குக் கோட்டா தருவினமோ?”

“சரி, அப்ப ஏன் அறுநூற்று எழுபத்தஞ்சு? முழுசா எழுநூறு எண்டு வை.”

“இந்தச் சோதனையில எல்லாப் புள்ளியும் அஞ்சிலதான் முடியும். எழுநூறு எடுக்க ஏலாது.”

“அப்ப எழுநூற்று அஞ்சு. கையில கொஞ்சம் கூட இருந்தா நல்லம்.”

அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். “பிள்ளை இன்னும் கொப்பியே திறக்கேல்ல. அதுக்குள்ள இவர் பெட்டி அடுக்கிறார்.”

நீ பொறுமையாகச் சொன்னாய். பயிற்சிச் சோதனையில் 555 வந்தது, நாலு மாதம் இருக்கிறது, வேலையால் வந்து ஒரு நாளைக்கு இரண்டரை மணித்தியாலம் படிக்கலாம், நூறு, நூற்றி இருபது புள்ளி ஏற்றலாம் என்று நம்பிக்கை, விரும்பிய பள்ளியின் சராசரியும் அந்த இடத்தில் இருக்கிறது, அதனால் 675. “நான் எவ்வளவு படிக்கவேணும் எண்டு தெரியிறதுக்குத்தான் அப்பா இந்த எண்” என்றாய்.

நான் அடுத்த நாளே சமையலறையில் என்னோடு தட்டு அடுக்கும் துருக்கிக்காரருக்கு, கைவிரலால் எழுதிக் காட்டி, அறுநூற்று எழுபத்தைந்து எடுத்தால்தான் மகளை எடுப்பார்கள் என்று சொன்னேன். ஊருக்குப் போன் எடுத்து என் அக்கா, உங்கள் ராணி மாமிக்குச் சொன்னேன். லண்டனுக்கு, பாரிசுக்கு எல்லாம் சொன்னேன். இரண்டு கிழமைக்குள் மூன்று நாட்டில் உள்ள நம் சொந்தம் முழுக்க அந்த எண்ணைப் பாடமாக்கிவிட்டது. நீ ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “அப்பா, பாரிஸ் சித்தி எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறா. ‘675 கிடைக்க அம்மனை வேண்டுறன்’ எண்டு. இனி நான் 665 எடுத்தா அம்மனுக்கும் எல்லோ வெக்கம்” என்றாய். நான் அதையும் பகிடி என்று எடுத்தேன்.

3

இனி, நான் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த கதை.

நான் கண்டாவளையிலிருந்து தினமும் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய் வர்த்தகப் பிரிவில் படித்தேன். என்னோடு சிவராசா வருவான். அவனுக்குச் சொந்தச் சைக்கிள் இல்லை. போகும்போது நான் மிதிக்கத் தொடங்குவேன், வரும்போது அவன். பரந்தனில் இறங்கி ஆளை மாற்றுவோம். முன்னால் இருப்பவன் கணக்கியல் கேள்வி கேட்பான், மிதிப்பவன் மறுமொழி சொல்லவேண்டும். பிழை விட்டால் மாற்றாமல் தொடர்ந்து மிதிக்கவேண்டும். நான் பல நாள் முழுத் தூரமும் மிதித்திருக்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்தது. நான் இரண்டு புள்ளியால் கம்பஸைத் தவறவிட்டேன். அடுத்த வருடம் இடம்பெயர்வு. பிறகு வவுனியா, கொழும்பு, பிறகு இந்த நாடு.

இவ்வளவுதான் நான் சொன்ன கதை. இதைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் “பாவம் அப்பா” என்பீர்கள். அம்மா கலியாணம் பேசி வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டிருக்கிறாள். அவளுடைய அண்ணன்மார் என்னைப் பற்றிக் கதைக்கும்போது “ரெண்டு புள்ளிதான், இல்லாட்டி மாப்பிள்ளை இண்டைக்கு வங்கி முகாமையாளர்” என்பார்கள். நான் குனிந்துகொண்டு இருப்பேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

4

போன வருடம் நான் தனியாக ஊருக்குப் போனது காணி விசயமாக. அப்பப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை ராணி மாமியின் பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்துக்குப் பத்தொன்பது நாள் லீவு எடுத்துப் போனேன். கந்தோருக்குப் போனால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விலாசம், பாஸ்போட்டில் ஒரு விலாசம், கிராம சேவகர் கடிதத்தில் இன்னொரு விலாசம். எல்லா விலாசமும் உண்மை. இடம்பெயர்ந்தவனுக்கு ஒன்றா இரண்டா?

செவ்வாய்க்கிழமை. கந்தோரில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் என்னோடு ஒரு அம்மா இருந்தார். மலையகத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். அவருக்கும் காணிப் பிரச்சினைதான். கோப்பை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மதுரா, நீ எடுத்தாய்.

“அப்பா, எங்க நிக்கிறியள்?”

“காணிக் கந்தோரில. சொல்லு பிள்ளை. முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது. உடனயே திரையில வந்துட்டுது. அறுநூற்று நாப்பத்தஞ்சு.”

நான் மனதுக்குள் கழித்தேன். “முப்பது குறையுது.”

“ஓம்.”

உன் பக்கம் தெருச் சத்தம் கேட்டது.

“அப்பா, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதுக்குள்ள திருப்பி எடுக்க ஏலாது. கட்டுரை, சான்றிதழ் எல்லாம் ஏத்தி வைச்சிட்டன். அனுப்புறதுதான் மிச்சம். போடட்டோ எண்டு யோசிக்கிறன்.”

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். கவின், நீயும் தெரிந்துகொள்.

“விடு பிள்ளை. முப்பது எண்டா அவங்கள் எடுக்க மாட்டாங்கள். போட்டிட்டு ஏன் இல்லை எண்டு கேப்பான்? வேலை இருக்குத்தானே. வீட்டில இரு. பாப்பம்.”

“சரி அப்பா” என்றாய்.

எதற்கும் என்னோடு தர்க்கம் பண்ணுகிற பிள்ளை. உப்புக் கூட என்றாலும் காரணம் கேட்கிற பிள்ளை. அன்றைக்கு “சரி அப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: “மகளுங்களா?”

“ஓம். ஒரு சோதனை எழுதினவ. கொஞ்சம் குறைஞ்சு போச்சுது.”

“பாஸா, பெயிலா?”

“அதில பாஸ் பெயில் எண்டு இல்லை அம்மா.”

“பெயில் இல்லேன்னா அப்பறம் என்னாங்க கவல?” என்றார்.

கந்தோரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்கு வயல் வரம்பால் நடந்து போகும்போது என் மனம் லேசாக இருந்தது. கவலைப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு நடை இலகுவாக வந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் ஏன் என்று பிடிபட்டது. நீ வீட்டில் இருப்பாய். ட்ராமில் இருபது நிமிடம். ஆறரைக்குக் கதவில் திறப்புச் சத்தம் கேட்கும். தபால்பெட்டியில் வருவதை மேசையில் வைத்தால் நீ சப்பாத்துக் கழற்றும்போதே உடைத்து வாசிப்பாய். இதெல்லாம் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். அதுதான் காரணம்.

5

வியாழக்கிழமை காலை ராணி மாமி குசினி வாசலில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா. அத்தான் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு கேட்டார், “மச்சான், மதுராவின்ர சோதனை என்ன மாதிரி?”

“அறுநூற்று நாப்பத்தஞ்சு. முப்பது குறைவு. போட வேண்டாம் எண்டு சொல்லிட்டன்.”

“ச்சா” என்றார் அத்தான். “முப்பது எண்டா தூரம்தான்.”

மாமி இறாலை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினா. “என்ன சொன்னனி?”

“போட வேண்டாம் எண்டு.”

“ஆர் உன்னைக் கேட்டது?”

“அக்கா, உங்களுக்கு விளங்காது. அங்க ஒரு எண் இருக்கு. அதுக்குக் கீழ...”

“எனக்கு விளங்காது. சரி. உனக்கு விளங்கினதைச் சொல்லு பாப்பம். அந்தப் பள்ளிக்கூடக்காரர் சொன்னவையோ, இவளை எடுக்க மாட்டம் எண்டு?”

“இன்னும் போடேல்லயே. எப்பிடிச் சொல்லுவினம்?”

“அப்ப அவையள் சொல்ல முந்தி நீ ஏன்ரா சொன்னனி? அண்டைக்கு நீயே கொழும்புக் கந்தோரா இருந்து உன்னைத் தள்ளினாய். இண்டைக்கு ஸ்பெயின் கந்தோராவும் இருந்து அந்தப் பிள்ளையைத் தள்ளுறியோ? சம்பளம் தாறாங்களோ உனக்கு?”

அத்தான் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு ஐம்பது வயது. அக்காவுக்கு முன்னால் முற்றத்தில் நின்ற எனக்கு அன்றைக்கு அந்த வயது இல்லை.

“அப்பு அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல எண்டு நீயும் இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லாமல் திரியிறாய்” என்றா. “அந்தாள் செத்துப் போச்சு. இனி ஆருக்குப் பயம்?”

பிள்ளைகள், அப்பு என்று மாமி சொன்னது உங்கள் அப்பப்பாவை. அவ குறிப்பிட்டது இதைத்தான்.

எங்கள் காலத்தில் பெறுபேறு வந்த பிறகு, கம்பஸுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். அந்த வருட வெட்டுப்புள்ளி பல மாதம் கழித்துத்தான் வரும். படிவம் அனுப்பும்போது கையில் இருப்பது முந்திய வருடத்து எண். நான் அந்தப் பழைய எண்ணைப் பார்த்தேன். எனக்கு இரண்டு புள்ளி குறைவு. சிவராசாவுக்கு மூன்று குறைவு.

“அனுப்பி என்ன, வராது” என்று வீட்டில் சொன்னேன். படித்தவன் நான்தானே, அப்பு தலையை ஆட்டினார். நிரப்பிய படிவம் என் கொப்பிக்குள் கிடந்தது. கடைசி நாளும் போனது.

சிவராசா அனுப்பினான். “அவங்கட வேலையை அவங்கள் பாக்கட்டும், எங்கட வேலை அனுப்புறது” என்று சொல்லிவிட்டு அனுப்பினான். அந்த வருடம் கிளிநொச்சிக்கு எண் மூன்று புள்ளி இறங்கியது. சரியாக அவன் நின்ற படி வரைக்கும். நான் அவனுக்கு ஒரு படி மேலே நின்றேன். படிவம் இல்லாமல் நின்றேன்.

அவன் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். என்னைக் கட்டிப்பிடித்து, “உனக்கும் வந்திருக்கும், உனக்கும் வந்திருக்கும்” என்றான். நானும் அனுப்பியதாகத்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அப்பு அவனைக் கதிரையில் இருத்தி, “எப்ப தம்பி வெளிக்கிடுறாய்?” என்று கேட்டார். என்ன சாமான் கொண்டுபோக வேண்டும், எங்கே தங்குவாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த நேரம் முழுக்க அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அடித்திருக்கலாம்.

சிவராசா புறப்பட்ட நாள் நான் காய்ச்சல் என்று படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. சிவராசா, இந்தச் சஞ்சிகை உன் கையில் கிடைத்தால் அதையும் தெரிந்துகொள்.

6

கண்டாவளையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அத்தானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனுக்கு வந்தேன். பஸ் தரிப்பிடத்துப் பக்கம் நின்று போனை எடுத்தேன். அங்கே பத்தரை மணி வெயில். உனக்கு விடிய ஆறு.

“அப்பா? என்ன, ஆருக்கும் ஏதுமோ?”

“ஒண்டும் இல்லை பிள்ளை. நீ படிவத்தை என்ன செய்தனி?”

“விட்டிட்டன். நீங்கள் சொன்னது சரிதான். நானும் அந்த எண்ணைத்தான் எல்லாருக்கும் சொல்லி வைச்சது.”

“எல்லாருக்கும் சொன்னது நான். நீ இல்லை. மதுரா, கேள். நான் ரெண்டு புள்ளியால தவறேல்ல.”

யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது.

“கேக்கேல்ல அப்பா. திருப்பிச் சொல்லுங்கோ.”

“நான் கம்பஸுக்குப் படிவம் அனுப்பேல்ல!”

“என்ன?”

“படிவம் அனுப்பேல்ல எண்டுறன்! எனக்குக் கிடைச்சிருக்கும்! நான் அனுப்பேல்ல!”

பஸ்ஸில் ஏறப் போன ஒருவர் ஏறாமல் நின்று பார்த்தார். கச்சான் கடலை விற்கிற பெண் கையில் சுருளோடு பார்த்துக்கொண்டிருந்தா. முப்பது வருடம் பிறந்த வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லாததைப் பரந்தன் சந்திக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன். பஸ் வெளிக்கிட்டுப் போனது. இனிக் கத்தத் தேவையில்லை.

“பிள்ளை?”

“ஏன் அப்பா அனுப்பேல்ல?”

இதை நீ கேட்பாய் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்ததை எல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“அனுப்பினா இல்லை எண்டு சொல்லுவாங்கள் எண்டு பயந்தனான். அனுப்பாட்டி ஒருத்தரும் எனக்கு இல்லை எண்டு சொல்லேலாதுதானே.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

நீ மூச்சு விடும் சத்தம் கேட்டது. அழுகிறாயோ என்று நினைத்தேன்.

“நான் போட்டா, இல்லை எண்டுதான் சொல்லுவினம் அப்பா.”

“சொல்லட்டும். அவையள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டன்.”

பிறகு நீ வேறு ஒன்று கேட்டாய். அதுதான் என்னைப் போட்டு உலுப்பியது.

“நான் போனா, வாற கடிதங்களை ஆர் வாசிக்கிறது?”

“கவின் இருக்கிறான்.”

“அவன் நாலு வரி விட்டு நாலு வரி வாசிப்பான்.”

“விட்டு வாசிக்கட்டும். விட்டதை நான் போய்க் கந்தோரில கேப்பன்.”

“கேப்பியளோ?” என்றாய், சிரித்துக்கொண்டு. “பூந்தோட்டக்காரர் கேப்பாராம்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் மெசேஜ் வந்தது. ‘அனுப்பிட்டன்.’ அவ்வளவுதான். நான் அதை ராணி மாமிக்கு வாசித்துக் காட்டினேன். “வாயைப் பொத்திக்கொண்டிரு, ஒருத்தருக்கும் எண் சொல்லாதை” என்றா.

பிறகு நடந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முதலில் காத்திருக்கச் சொன்னார்கள். ஏழு கிழமை காத்திருந்தோம். நேர்முகத்துக்கு மற்ற அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து கதைத்தாய். அம்மா கதவுக்கு வெளியே மிக்சியைப் போடாமல் அம்மியில் அரைத்தாள். பிறகு ஓம் என்று வந்தது. இல்லை என்று வந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். எழுதியிருக்க வேண்டும். எழுதியிருப்பேனா என்பது தெரியாது.

7

இப்போது தபால்பெட்டியைத் திறந்தால் எனக்கு ஒரு கணம் கை நிற்கும். கவின் வாசிக்கிறான்தான். “ஒண்டும் முக்கியமில்லை அப்பா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அந்த முக்கியமில்லாததையும் நீ ஒரு காலத்தில் வரிவரியாக எனக்குச் சொன்னாய். வெப்பமூட்டியைப் பார்க்க ஆள் வருகிறார், குப்பை எடுக்கும் நாள் மாறுகிறது என்று. அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவேன். ஆறரைக்கு இன்னும் கதவைப் பார்க்கிறேன். ஊரை நினைத்து ஏங்கிப் பழகிய மனிசனுக்கு, இருபத்தைந்து வருடம் இருந்த வீட்டுக்குள்ளேயே ஏங்குவது புதிதாக இருக்கிறது.

கவின், உன் கணிதத் தாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பரம்பரை என்று சொன்னாய். புள்ளி குறைவது நம் பரம்பரை இல்லை. அனுப்பாமல் விட்டது நான் ஒருவன். அதை என்னோடு விடு. அம்மாவுக்கு நான் நேற்று முன்தினம் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். “இதுக்கோ இவ்வளவு காலமும் என்ர அண்ணன்மார் உங்களுக்கு எழும்பி இடம் விட்டவை?” என்றாள். பிறகு தேநீர் போட்டுத் தந்தாள். வழக்கத்தைவிடச் சீனி குறைவு.

நேற்றுப் பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள், கவின் உதைபந்தாட்டத்துக்கு. நான் மதுராவின் அறைக்கு யன்னல் திறக்கப் போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தடித்த புத்தகம் விழுந்து கிடந்தது. அந்த நுழைவுச் சோதனைக்கான பயிற்சிக் கணக்குகள், எல்லாம் ஆங்கிலம். அவள் மேசையில் உட்கார்ந்து போனில் அகராதியைத் திறந்துகொண்டு முதலாவது கணக்கை வாசித்தேன். ஒரு தொட்டி, இரண்டு குழாய், ஒன்று நிரப்புகிறது, மற்றது வடிக்கிறது. இது எனக்குத் தெரிந்த விசயம்தானே என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. பென்சிலால் ஓரத்தில் விடையை எழுதினேன்.

விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருந்தன. பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு திருப்பிப் பார்த்தேன்.

பிழை.

பென்சிலைத் தீட்டிவிட்டு இரண்டாவது கணக்கை வாசிக்கத் தொடங்கினேன்.